ஒரே ஒரு ரிங்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். கொழும்பில், ஒபிஸில் இருக்கிறேன். போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. அப்பா.

நான் பதறவில்லை. எதற்குப் பதற வேண்டும்? அது எங்கள் வீட்டு வழக்கம் — ரிங் கட். அப்பாவோ அம்மாவோ ஒரு ரிங் கொடுத்து கட் பண்ணுவார்கள். நான் வேலை முடிந்ததும் திருப்பி எடுப்பேன். "உங்க போன் ரீலோட் காசு வீணாகக் கூடாதுப்பா" என்று நான்தான் பழக்கிவிட்டேன். ரீலோட் ஒரு சாக்கு. எனக்கு வசதிப்பட்ட நேரத்தில் பேசலாமே... அதுதான் விஷயம்.

அன்றைக்கும் கையிலிருந்த வேலையை முடித்தேன். டீ குடித்தேன். நாற்பது நிமிஷம் கழித்துத் திருப்பி எடுத்தேன்.

"அம்மா குசினியில அடுப்புக்கிட்ட விழுந்துருச்சு பாப்பா. எந்திரிக்க முடியல. ஆம்புலன்ஸுக்கும் ரிங் குடுத்துட்டேன். அவங்களும் இன்னும் திருப்பி எடுக்கல."

குரலில் கோபமில்லை, குறையில்லை. சும்மா தகவல் சொல்கிற மாதிரி.

இரண்டு பேரும் நிவித்திகலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடொன்றில் தனியாக இருக்கிறார்கள். கொழும்புக்கு வரமாட்டார்கள். நானும் ரொம்ப வற்புறுத்தியதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு இதே பக்கத்தில் எழுதிப் பீற்றிக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய பட்டன் வைத்த போன் வாங்கிக் கொடுத்துவிட்டேன், ஒன்றை அமுக்கினால் நான், இரண்டை அமுக்கினால் ஆம்புலன்ஸ், சுவரிலும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியாயிற்று என்று... ஆம்புலன்ஸுக்கு ரிங் கட் கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைப் போய் யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

"அப்பா, ரெண்டை அமுக்குங்க. அவங்க பேசுற வரைக்கும் காதுல இருந்து எடுக்காதீங்க."

"அப்பிடியா... சரி பாப்பா."

வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இப்போது போனையே பார்த்துக்கொண்டு உட்காருவது என் முறை. அப்பாவுக்கு என்னைவிட நல்ல சிங்களம் வரும். தோட்டத்துப் பாதையை விவரமாகச் சொல்லியிருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

இடுப்பெலும்பு முறிவு. ஒபரேஷன் நடந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார். பழையபடி நடப்பாரா என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார் டொக்டர்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அம்மாதான் சொன்னார். "ஒங்கப்பா வாசல்ல நின்னு சத்தம் போட்டுப் பாத்தாரு. எல்லாரும் கொழுந்து பறிக்கப் போயிட்டாங்க, யாருக்குக் கேக்கும்? அப்புறம் எம்பக்கத்துல தரையில ஒக்காந்துக்கிட்டு போனையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

"மறுபடியும் ஒரு ரிங் குடுத்திருக்கலாமேம்மா?"

"ரெண்டு தடவ அடிச்சா ஒனக்குக் கோவம் வரும்ல."

எப்போதோ ஒரு மீட்டிங் நடுவில் எரிந்து விழுந்திருக்கிறேன். எனக்கு மறந்தே போய்விட்டது. அவர்களுக்கு அது சட்டமாகிவிட்டது. வெட்கமாக இருந்தது. ஆளில்லாத லயத்தில், சிமெண்டுத் தரையில் இரண்டு பேர், நடுவில் அடிக்காத ஒரு போன் — கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

நாமெல்லாம் அம்மா அப்பாவுக்கு விதவிதமாகப் போன் வாங்கித் தருகிறோம். எப்போது கூப்பிடக் கூடாது என்பதை அதற்கு முன்பே பழக்கிவிடுகிறோம்.

ரிங் கட்டை ஒழித்துவிட்டேன். "நான் பேசுற வரைக்கும் அடிங்கப்பா. எத்தன தடவ வேணும்னாலும் அடிங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று மீட்டிங்கில் போன் அடித்தது. நிற்கவே இல்லை. எழுந்து வெளியே ஓடினேன்.

"என்னாப்பா? அம்மாவுக்கு என்னா?"

"ஒன்னும் இல்ல பாப்பா. விடாம அடிச்சா நீ பேசுறியான்னு பாத்தேன்."

பேசிவிட்டேன். இந்தத் தடவை.