டிரம்ஸ் நீக்கிய பதினோரு பாட்டுகள்

பட்டச் சான்றிதழ் இன்னும் வந்து சேரவில்லையே என்று பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தபோதுதான் அக்காவை நான் முதன்முதலில் கேட்டேன். பார்க்கவில்லை, கேட்டேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் அது, போனை வைத்துவிட மனசில்லை. நாற்பது நிமிடம் காதில் ஒரு புல்லாங்குழல் ஓடிக்கொண்டே இருந்தது. விடுதியில் பக்கத்து அறைக்காரன் சுவர் அதிர வைத்துக் கேட்கும் ராக் பாட்டுதான் அது என்று பிடிபடவே பாதி நேரம் போய்விட்டது. காட்டாற்றைக் குழாயில் அடைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டதுபோல இருந்தது. அடுத்த வருடம் ஓர் இசை நிறுவனத்தில் பாட்டுப் பட்டியல் எழுதும் வேலையில் சேர்ந்தேன். அந்தப் புல்லாங்குழலைச் செய்தவர் அங்கே கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். முதலாளி உட்பட எல்லாருக்கும் அவர் அக்காதான். விஷயத்தைச் சொன்னேன். “நாப்பது நிமிஷமா? பாவம்பா நீ” என்றார். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதையும், கூட இருந்தவர்கள் சொன்னதையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

அக்காவின் தொழில் பாட்டைச் சாதுவாக்குவது. மைதானம் நிறையக் கூட்டம் கத்திக் கேட்கும் ராக் பாட்டுகளை லிப்டுக்கும், பல் டாக்டரின் முன்னறைக்கும், போனில் காத்திருப்பவர் காதுக்கும் ஏற்ற மாதிரி மாற்றுவார். ஒன்று தாலாட்டாகும், ஒன்று வால்ட்ஸ் என்கிற மேல்நாட்டு நடன இசையாகும், இன்னொன்று நாலு வயலின் மட்டும் பேசிக்கொள்வதுபோல ஆகும். நிறுவனத்தில் ஒரே ஒரு விதிதான். முதல் வேலையாக டிரம்ஸை எடுத்துவிட வேண்டும். அடி இருந்தால் காத்திருப்பவனுக்குக் கோபம் வரும் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. பதினேழு வருடமாக அதைச் செய்து செய்து, எந்தப் பாட்டைக் கேட்டாலும் அக்காவின் காது அடியைத் தானாகவே தள்ளிவிட்டு மெட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

அவரோடு ஒரே வீட்டில் பிறந்த தம்பியோ டிரம்ஸ் அடிப்பவன். நண்பர்கள் அவனை இடி என்பார்கள். அக்காவின் வேலையை அவன் ஒரு நாளும் மதித்ததில்லை. “புலியப் புடிச்சுப் பல்லப் புடுங்கிட்டு, பூனைன்னு விக்கிற” என்பான். “அந்தப் பூனைதான்டா உனக்குச் சோறு போடுது” என்பார் அக்கா. உண்மையும் அதுதான். அவன் குழுவுக்கு மாதம் இரண்டு நிகழ்ச்சி கிடைத்தால் பெரிசு.

முப்பத்தெட்டு வயதில், ஒரு நிகழ்ச்சி முடிந்து பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியவன் பாதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. உயிர் தப்பியது. வலது பக்கம் போயிற்று, பேச்சு போயிற்று. யார் என்ன சொன்னாலும் அது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. கண் திறந்திருக்கும். அவ்வளவுதான்.

மறுவாழ்வு மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. ஆறு வாரம் பயிற்சி. ஆறாவது வார வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வந்து பார்ப்பார். சொன்னதற்கு ஏதாவது ஒரு பதில் நோயாளியிடம் இருந்தால் பயிற்சி தொடரும். இல்லாவிட்டால் கட்டிலை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் ஏழு மணி நேரத் தொலைவில் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்த இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தார். சுத்தமாக இருந்தது. வரிசையாகக் கட்டில், வரிசையாக ஆட்கள், எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. பயிற்சி கொடுப்பவர் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, இங்கே யாருக்கும் எதற்குப் பயிற்சி என்று திருப்பிக் கேட்டார்களாம். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் நல்லவள். பழகின பாட்டு சில சமயம் பூட்டைத் திறக்கும் என்று முதல் வாரமே சொன்னாள். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தம்பியின் குழு எந்த நிகழ்ச்சியையும் முடிப்பது ஒரே பாட்டில்தான். ஆயிரம் தடவையாவது அடித்திருப்பான். அந்தப் பாட்டைத் தாலாட்டாக்கினார். கட்டிலருகே நாற்காலியைப் போட்டு, மடியில் சின்ன கீபோர்டை வைத்து, வாயாலும் பாடினார். தம்பி சுவரைப் பார்த்தான். அடுத்து வால்ட்ஸ். அடுத்து ஐம்பது குரல் சேர்ந்து பாடுவதுபோல. ஜாஸ் பியானோ. தனி செல்லோ. ஒவ்வொன்றிலும் மெட்டு பளிங்குபோலத் தெரிய வேண்டும் என்று இன்னும் இன்னும் துலக்கினார். அலுவலக வேலை தேங்கியது. முதலாளி முறைத்துப் பார்த்துவிட்டு, அக்கா முகத்தைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டார். ஐந்து வாரத்தில் ஒரே பாட்டுக்குப் பதினோரு வேஷம். பதினோரு தடவையும் அதே சுவர்.

ஆறாவது வார வியாழக்கிழமை சாயங்காலம் குழுவின் கிடார்காரன் வந்தான். கண்ணாடி தடிமனை வைத்து அவனுக்குப் பெயர் சோடாபுட்டி. அக்கா பதிவு செய்து காதில் மாட்டிவிட்ட பதினோரு பாட்டையும் பொறுமையாகக் கேட்டான். அழகாக இருக்கிறது என்றான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“என்னடா, சொல்லு” என்றார் அக்கா.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இவனுக்கு இந்தப் பாட்டோட மெட்டே தெரியாது.”

“ஆயிரம் தடவ அடிச்சிருக்கான்டா.”

“அடிச்சிருக்கான். எங்க முதுகுக்குப் பின்னாடி, காதுல பஞ்சு வச்சுக்கிட்டு அடிச்சிருக்கான். அவன் சத்தம் அவனுக்குக் கேக்கும், எங்களது எங்க கேக்கும்? சரணம் எங்க வருதுன்னு கேட்டா, கடகடன்னு உருட்டுவேனே, அந்த மூணாவது உருட்டலுக்கு அப்புறம் வருமே அதானேம்பான். வேற எதுவும் தெரியாதுக்கா அவனுக்கு.”

அக்கா கீபோர்டை மடியிலிருந்து கீழே இறக்கி வைத்தார். அவனுக்குத் தெரிந்த பாதி அந்த அடிதான். அதைப் பதினோரு தடவையும் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டிருக்கிறார். முதல் வேலையாக. யோசிக்காமல். அழவும் நேரம் இல்லை. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு கரண்டியை எடுத்தார். நாலு அடி அடிப்பதற்குள் நர்ஸ் ஓடி வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். மற்ற நோயாளிகள் இருக்கிறார்கள், இது ஆஸ்பத்திரியா சந்தையா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அக்கா தட்டை நிமிர்த்தி வைத்தார்.

வெள்ளி காலை பத்து மணி. பெரிய டாக்டர் கையில் பைல், பயிற்சிக்காரப் பெண் பக்கத்தில். கையை மூடச் சொன்னார்கள், திறக்கச் சொன்னார்கள், விரலைப் பிடிக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை. தம்பியின் இடது கை போர்வைமேல் கிடந்தது. டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“ஒரே ஒரு நிமிஷம் சார்.”

“அம்மா, உங்க பாட்டெல்லாம் நாங்க ஏற்கெனவே கேட்டுட்டோம்.”

“இது பாட்டு இல்ல சார்.”

வீட்டிலிருந்தே பையில் இரண்டு மரக்கரண்டி கொண்டுவந்திருந்தார். டாக்டர் தலையசைப்பதற்கு முன்பே “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்று எண்ணிவிட்டு மேசைமேல் இருந்த சாப்பாட்டுத் தட்டை அடிக்க ஆரம்பித்தார். கேட்கச் சகிக்கவில்லை. பதினேழு வருடம் அடியை ஒதுக்கிய கை, அடிக்க வரவில்லை. ஓரிடத்தில் ஓடியது, ஓரிடத்தில் இழுத்தது. பயிற்சிக்காரப் பெண் தரையைப் பார்த்தாள். மூன்றாவது உருட்டல் வரும் இடத்தில் அக்காவின் அடி முழுசாகத் தடுக்கி விழுந்தது.

தம்பியின் நெற்றி சுருங்கியது.

அந்தச் சுருக்கம் அக்காவுக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் பார்த்தது, அலுவலக வாசலில் பார்த்தது. இதெல்லாம் ஒரு வாசிப்பா என்கிற முகம். இடது கை போர்வையிலிருந்து நகர்ந்து கட்டில் கம்பியில் உருட்டலை அடித்தது. நாலே விரல்தான். ஆனால் துல்லியம்.

டாக்டர் பேனாவை அப்படியே பிடித்திருந்தார். வெறும் தசைத் துடிப்பாகவும் இருக்கலாம் என்றார், மெதுவாக. அவர் சொல்வதில் தப்பில்லை. இன்னொரு தடவை செய்யச் சொன்னார். அக்கா கரண்டியை எடுத்தார். “ஒண்ணு, ரெண்டு, மூணு” வரைதான் வந்தது. அதற்கு மேல் குரல் இல்லை. கரண்டியும் எழவில்லை. நாலு விழ வேண்டிய இடத்தில் கட்டில் கம்பி ஒரு தடவை ஒலித்தது.

டாக்டர் எழுதினார். மேலும் ஆறு வாரம்.

அந்த ஆறு வாரமும் சோடாபுட்டியும் அக்காவும் மாறி மாறித் தட்டினார்கள். பயிற்சிக்காரப் பெண்ணும் தட்டக் கற்றுக்கொண்டாள். இரண்டாவது வாரத்தில், அவள் மூன்று எண்ணி நிறுத்தியபோது, தம்பி வாய் கோணிக்கொண்டு “நாலு” என்றான். அன்றைக்கு அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து அழுததை நர்ஸ்கூடத் தடுக்கவில்லை. இனி ஒவ்வொன்றாக வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். மூணு வரும், பிறகு அக்கா என்று வரும் என்றார்கள்.

வரவில்லை. ஆறு வாரம் முடிந்ததும் கட்டில் வேறு ஆளுக்குப் போயிற்று. இல்லத்துக்கு அனுப்ப அக்கா கையெழுத்துப் போட மறுத்து, வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். இது சரியா என்று அவருக்கே தெரியாது. என்னிடம் ஒரு தடவை கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அவன் வீட்டுக்கு வந்து இப்போது பதினோரு மாதம் ஆகிறது. தம்பி கீபோர்டு இருந்த அறையில் இருக்கிறான், கீபோர்டு சமையலறைக்கு வந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் நாலு. வலித்தாலும் நாலு. அக்கா கதவைத் திறந்து உள்ளே வந்தாலும் நாலு. எந்த நாலு எது என்று அக்காவுக்குப் பாதிதான் பிடிபடுகிறது. மீதியை யோசித்துக்கொண்டே கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் வரை ஒரு பெண் பார்த்துக்கொள்கிறாள். அக்கா காலை ஏழு மணிக்கு அலுவலகம் வந்து, ஒரு மணி வரை வேலை செய்கிறார். எப்போதும்போல முதல் வேலையாகப் பாட்டிலிருந்து டிரம்ஸை எடுத்துவிடுகிறார்.