மகளுக்குத் தருக்கம் படிப்பித்தேன்

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்றதே, அதற்கு அடுத்த வருடம் நடந்த விஷயம் இது. இடம் யாழ்ப்பாணத்துக் கோப்பாய், எங்கள் வீட்டு விறாந்தை.

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. முதலில் கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டினார்கள். பிறகு திறந்தார்கள். பிறகு பஸ் ஓடவில்லை என்று பாதி நாள் போக முடியவில்லை. நானோ தமிழில் பட்டம் எடுத்துவிட்டு, நியமனம் இன்று வரும் நாளை வரும் என்று பார்த்துக்கொண்டு இருந்தவள். வீட்டில் ஒரு பட்டதாரி, ஒரு மாணவி. விடுவேனா? நானே படிப்பிக்கத் தொடங்கிவிட்டேன்.

அந்த நாட்களில் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எந்த நாட்டுத் தாயோ தெரியாது, தன் பிள்ளைகளை வீட்டிலேயே பழைய முறைப்படி படிப்பிக்கிறாளாம். சின்ன வயதில் மனனமும் இலக்கணமும், கொஞ்சம் வளர்ந்ததும் தருக்கம், அதற்குப் பிறகு சபையில் பேசும் கலை. இந்த மூன்றும் வந்துவிட்டால் மற்றப் பாடங்களைப் பிள்ளை தானே படித்துக்கொள்ளும் என்றாள். கூடவே இலத்தீனும் வேண்டுமாம். இலத்தீனுக்கு நான் எங்கே போவேன்? அதற்குப் பதிலாகப் பழந்தமிழ் இருக்கிறது, எங்கள் ஆட்களும் ஒரு காலத்தில் நிகண்டும் இலக்கணமும் தருக்கமும் என்று இப்படித்தானே படித்தார்கள் என்று நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பள்ளிக்கூடங்கள் ஒழுங்காகத் திறந்த பிறகும் நான் மகளை அனுப்பவில்லை. பள்ளி விட்டதும் ஒரு ரியூசன், அது முடிய இன்னொரு ரியூசன், இடையில் சைக்கிளில் போய்க்கொண்டே கடிக்க ஒரு பணிஸ் என்று மற்றப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. என் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தது நான் மட்டும்தான். என் கணவர் தோட்டம் செய்பவர். வெங்காயமும் கத்தரியும் அவரிடம் கேள்வி கேட்காமல் வளர்வதால், வீட்டிலும் அவர் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை.

இலக்கணம் நன்றாகப் போனது. தருக்கத்தில்தான் சிக்கல் தொடங்கியது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்ற பழைய உதாரணத்தைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். சரி, பக்கத்து வளவில் புகை என்று மாற்றினேன். அது அந்த வீட்டு மாமா ஒளித்து நின்று சிகரெட் பிடிக்கிற புகை என்றாள். ஒருவழியாக, சொல்ல வந்ததைச் சொல்லி, காரணம் காட்டி, உதாரணம் தந்து, அதைப் பொருத்திப் பார்த்து, முடிவு கூறும் ஐந்து படிகளையும் பிடித்துக்கொண்டாள்.

பிடித்துக்கொண்டதை முதன்முதலில் தகப்பன் மேல்தான் பரீட்சித்துப் பார்த்தாள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. அன்று ஒரு வெள்ளிக்கிழமை. அவர் சந்தையால் வந்து, நேரே கிணற்றடிக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்தார். மகள் எழும்பி நின்றாள்.

"அப்பா கடையிலை மீன் றோல்ஸ் சாப்பிட்டவர். ஏனெண்டால் வந்த உடனை வாய் கொப்பளிச்சவர். ஆர் ஆர் வெள்ளிக்கிழமை சந்தையாலை வந்து வாய் கொப்பளிக்கினமோ அவையெல்லாம் மச்சம் சாப்பிட்டவை, போன கிழமை பெரியப்பா மாதிரி. அப்பாவும் கொப்பளிச்சவர். ஆனபடியால் அப்பாவும் சாப்பிட்டவர்."

அவர் சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தார். "நீ பிள்ளைக்குப் படிப்பிக்கிறியோ, பொலிசுக்கு ஆள் சேர்க்கிறியோ?" என்று கேட்டார். ஆனால் சாப்பிடவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு பேச்சுக் கலைக்கு வந்தோம். அதில் நான் ஒரு விதியை மிகக் கண்டிப்பாகப் படிப்பித்தேன். மறுத்துப் பேசுவதற்கு முன் எதிராளியின் பக்கத்தை எடுத்துச் சொல்லவேண்டும். ஏனோதானோ என்று இல்லை, எதிராளியே கேட்டால் "நானே இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்" என்று மெச்சும்படி சொல்லவேண்டும். பிறகுதான் மறுப்பு. இதைச் சொல்லிக்கொடுத்த அன்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்க் கிராம அலுவலர், விதானையார், வந்து, கல்விக் கந்தோரிலிருந்து விசாரிக்க ஓர் அதிகாரி வரப்போகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். பதினாறு வயதுவரை பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. என் மகள் மாதக்கணக்காகப் போகவில்லை. சும்மா விடுவார்களா? எனக்குப் பயம்தான். அதே நேரம் உள்ளுக்குள் ஒரு துணிவும் இருந்தது. வருகிறவர் என் பிள்ளையின் வாயைத் திறக்கவைத்தால் போதும், அசந்துபோவார் என்று நினைத்தேன். "வீட்டுக் கல்வியே சிறந்தது" என்று மகளுக்குத் தலைப்புக் கொடுத்து, நீயே தயார் செய் என்றேன். அவள் பல நாள் மாமரத்தடியில் தனியே நடந்து நடந்து யோசித்தாள். ஒருமுறை சொல்லிக் காட்டு என்றதற்கு, இன்னும் முடியவில்லை என்றாள். சபையில் முதல்முறை கேட்டால்தான் சுவை என்று நானும் விட்டுவிட்டேன்.

வந்தவர் என் வயதுடைய ஒரு பெண். ஸ்கூட்டியில் வந்தார். பின்னால் சைக்கிளில் விதானையார். நாங்கள் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, என் கணவர் புதுச் சாரம் கட்டி, கலியாணப் பேச்சுக்கு வந்தவர்களை நடத்துவது போல நடத்தினோம். அந்த அம்மா மரியாதையாகத்தான் கதைத்தார். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. "பிள்ளையையே கேளுங்கோ மிஸ்" என்றேன்.

மகள் முன்னால் வந்து, கைகளைப் பின்னால் கட்டி, சபைக்கு வணக்கம் சொன்னாள். தலைப்பைச் சொன்னாள். முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துரைக்கிறேன் என்றாள். நான் கந்தோர் அம்மாவைப் பார்த்துப் புன்னகைத்தேன்.

"பள்ளிக்கூடத்திலை முப்பது பேர் இருப்பினம். வீட்டிலை நான் ஒராள்தான். காலமை நான் ஒரு கட்சி, மத்தியானம் சாப்பிட்டிட்டு நானே எதிர்க்கட்சி. நான் வெண்டாலும் தோக்கிறது நான்தான். பகிடி ஒண்டு வந்தால் அம்மாவுக்குச் சொல்லுவன். அம்மா அதிலை எழுவாய் எங்கை எண்டு கேப்பா."

விதானையாருக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. மகள் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கடைசியாக வந்து, அழுது, பிறகு கூட்டாளிகளோடு ஐஸ் பழம் குடித்த கதையைச் சொன்னாள். கடைசியாக வருவதற்குக்கூட முன்னால் ஓட ஆட்கள் வேண்டும் என்றாள். கூட ஓட ஆளில்லாத ஒருத்தியின் குரலில் அதைச் சொன்னாள். எனக்குப் புன்னகை அப்படியே முகத்தில் காய்ந்துபோனது.

எதிர்த்தரப்பு முடிந்தது. இனி மறுப்பு. அவள் சபையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கைகள் பின்னாலிருந்து கழன்று தொங்கின.

"மறுப்பு யோசிச்சுப் பாத்தனான் அம்மா. எவ்வளவு யோசிச்சும் வரேல்லை."

விதானையார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

கந்தோர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை சொல்லுறது சரியெண்டால் நீங்கள் அவளைப் பள்ளிக்கு விடவேணும். ஆனால் உப்பிடிச் சொல்லுறதுக்குப் பழக்கினது உங்கடை வீட்டுப் படிப்புத்தானே. நான் மேலிடத்துக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்றார். விதானையார் யோசித்துவிட்டு, இரண்டு பக்கமும் வென்றதாகச் சொல்லலாமே என்றார். என் கணவர், பக்கம் இரண்டும் எங்கள் வீடுதான், ஆகவே தோற்றதும் நாங்கள்தான் என்றார். அந்த மனிசன் தருக்கம் பேசி அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

நான் இன்னும் தேத்தண்ணி எடுத்து வருகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன். கேத்தல் நிறையத் தேத்தண்ணி ஏற்கெனவே இருந்தது, எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. அழுகையும் வந்தது, அந்த எழுவாய்க் கதையை நினைக்கச் சிரிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாக வர விக்கல் எடுத்தது. மகள் பின்னால் வந்து தண்ணீர் எடுத்துத் தந்தாள்.

"இதை ஏன் எனக்கு முதல் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் கேக்கேல்லையே அம்மா. தலைப்பு மட்டும்தானே தந்தனீங்கள்."

நான் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். ஒரு மாதம் போக, வகுப்பாசிரியை வரச் சொன்னார். பிள்ளை கெட்டிக்காரிதான், ஆனால் வீட்டுப்பாடம் கொடுத்தால் முதலில் அதற்குக் காரணம் கேட்கிறாள், இப்போது வகுப்பே கேட்கத் தொடங்கிவிட்டது, நீங்களே வந்து இதற்கு ஒரு வழி பண்ணுங்கள் என்றார். இப்போது வாரத்தில் ஒரு பின்னேரம் நான் அங்கே போய்ப் பிள்ளைகளுக்கு விவாதம் பழக்குகிறேன். சம்பளம் இல்லை. முப்பது பேர் இருக்கிறார்கள், ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கப் போட்டிபோட்டு அடிபடுகிறார்கள். என் மகள் அடிக்கடி தோற்கிறாள். தோற்றுவிட்டு, வென்ற பிள்ளையோடு தோளில் கைபோட்டுக்கொண்டு போகிறாள்.

வீட்டில் மட்டும் இன்னும் அவள் தோற்பதில்லை. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு "அம்மாவின்ரை பக்கத்தை முதல் சொல்லுறன்" என்று தொடங்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பெருமை வந்து சேருவதற்கு முன்னால் எரிச்சல் ஒருமுறை வந்துவிட்டுத்தான் போகிறது.