எல்லாக் கோப்பைக்கும் சிரித்த முகம்

பள்ளிக்கூடத்துக்குக் கம்பெனிக்காரர்கள் வந்து புது ஜூஸ் கொடுக்கப்போகிறார்கள் என்று டீச்சர் சொன்ன அன்று, நான் வீடு வரைக்கும் ஓடினேன். ஓடிப்போய்ச் சொல்வதற்கு வீட்டில் ஆளில்லை என்பது கதவுப் பூட்டைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

போடிமெட்டுக்குக் கேரளப் பக்கம், எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகப் போடிக்கும் தேனிக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். அம்மா பகலில் கொழுந்து பறித்துவிட்டு, அப்படியே ரிசார்ட்டுக்குப் பாத்திரம் கழுவப் போவாள். இருட்டிய பிறகு ஏதாவதொரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து சேர்வாள். அதுவரை வீட்டில் நானும் டிவியும். கரண்ட் போனால் நான் மட்டும்.

தேயிலையை இலையாகவே விற்றுக் காலம் தள்ள முடியாது, டின்னில் அடைத்து ஜில்லென்று விற்க வேண்டும், அதுவும் சர்க்கரையில்லாமல், கலர் இல்லாமல், பிள்ளைகள் கேட்டு வாங்குகிற மாதிரி என்று அந்த ஜூஸ் கம்பெனிக்கு யோசனை வந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பிடிக்குமா என்று பிள்ளைகளிடமே கேட்க ஓர் அக்காவை அனுப்பியிருந்தார்கள். முதல் தடவை எல்லோருக்கும், அடுத்த வாரத்திலிருந்து பொறுக்கியெடுத்த சிலருக்கு மட்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அந்தச் சிலரில் நான் இருந்தே ஆகவேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். மேசைமேல் சின்னச் சின்னக் காகிதக் கோப்பைகள். பக்கத்தில் அழுகிற முகத்திலிருந்து வாய்கொள்ளாமல் சிரிக்கிற முகம் வரைக்கும் வரைந்த அட்டை. ஒவ்வொன்றையும் குடித்துவிட்டு ஒரு முகத்தைத் தொட வேண்டும்.

"அவசரம் வேண்டா மோளே. உனக்கு என்ன தோணுதோ அது சொல்லணும், கேட்டோ?" என்றார் அந்த அக்கா, மலையாளம் கலந்த தமிழில்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்று அதற்கு முன் யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டதில்லை. இஞ்சி போட்ட டீ, பேஷன் ஃப்ரூட் போட்ட டீ, ஏலக்காய் மணத்தோடு நுரை பொங்கிய ஒன்று. எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்தையே தொட்டேன். கடைசிக் கோப்பை வேப்பிலைக் கஷாயம் தோற்றுப்போகும் கசப்பு. கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்கும் அதே முகம். அக்கா என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். என்னை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

என் வகுப்பில் படித்த ஜீப் டிரைவர் மகனோ அந்தக் கடைசிக் கோப்பையை ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு, "ச்சீ, இருமல் மருந்து" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான். தொலைந்தான் பயல் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் கூப்பிட்டது அவனைத்தான். இரட்டைச்சடை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்ற என் கன்னத்தைத் தட்டி, கையில் ஒரு டின்னைக் கொடுத்துவிட்டு அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கசப்பை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள், அதையும் நல்லாயிருக்கிறது என்கிற நாக்கால் அவர்களுக்கு உபயோகமில்லை என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள் என்பதுதான். டின்னைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

அம்மா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். பாதி கேட்கும்போது களைப்பில் சிரித்தாள்.

"கசந்ததையுமாடி நல்லாருக்குன்ன?"

"ஆமா. நல்லாருக்குன்னா திரும்பக் கூப்புடுவாங்கல்ல."

அம்மாவின் சிரிப்பு நின்றது. தலைத்துண்டை அவிழ்த்தவள் அதைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

"தனியா இருந்துக்குவியான்னு தெனமும் கேக்குறேன். நல்லாத்தாம்மா இருக்குன்னு சொல்றியே. அதுவும் இப்படித்தானா?"

"இல்லம்மா," என்றேன் அவசரமாக. "அது நெசமாவே நல்லாருக்கு."

அம்மா சோற்றைப் பிசைந்து, வெகுநாளைக்குப் பிறகு ஊட்டிவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். ரிசார்ட்டுக்குப் போகவில்லை, இனிமேல் போகப்போவதுமில்லை என்றாள். அம்மா வேலைக்குப் போகாமல் இருந்தால் அது காய்ச்சலாகத்தான் இருக்கும். பையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.