பதினொரு எழுத்துகள்

எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பா திண்டுக்கல்லில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாகத் திறக்கவிருந்த ரெடிமேட் துணிக்கடையின் போர்டு, எங்கள் வீட்டு முன்னறையை நாலைந்து நாட்களாக அடைத்துக்கொண்டு கிடந்தது. நாங்கள் சுவரோரமாக ஒண்டி நடந்தோம்.

ஆங்கிலத்தில் பெரிதாக எழுத வேண்டும் என்பதற்கு மேல் கடைக்காரருக்கு விருப்பம் எதுவும் இல்லை. விருப்பமெல்லாம் அப்பாவுடையது. யாரோ கொடுத்த வெளிநாட்டு பிஸ்கட் டப்பாவின் மூடியைப் பார்த்துப் பார்த்து எழுதினார். ஒவ்வொரு எழுத்துக்கும் தலையிலும் அடியிலும் சின்னச் சின்னப் பாதங்கள். விளிம்பில் மட்டும் மஞ்சள் கோடு, அதற்குள்ளே மயிரிழையாக இன்னொரு கோடு. நடுவில் பலகையின் கரும்பச்சைதான். பதினொரு எழுத்துக்கும் இப்படியே. குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்டது அவருக்கு.

ஞாயிறு மத்தியானம் பிரஷ்ஷை வைத்துவிட்டு அப்படியே தரையில் படுத்தார். மறுநாள் காலை கடை திறப்பு. தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று குடங்களோடு கிளம்பிய அம்மா, "அப்பாவ எழுப்பிராத. அம்புட்டு அலுப்பு. செத்த நேரம் தூங்கட்டும்" என்றாள்.

நான் போர்டைப் பார்த்தேன். எழுத்துகளெல்லாம் உள்ளே காலியாக இருந்தன. பாவம், முடியாமல் பாதியில் விட்டுவிட்டார் என்று தோன்றியது. வெள்ளை பெயிண்ட் டப்பா பக்கத்திலேயே இருந்தது. கோட்டைத் தாண்டாமல் வண்ணம் அடிப்பதில் பள்ளிக்கூடத்தில் எனக்கு நல்ல பெயர். நாலாவது எழுத்தை முடித்துவிட்டுத் திரும்பினால், அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார்.

அடிக்கவில்லை. துணியில் டர்பன்டைன் தொட்டு முதல் எழுத்தைத் துடைத்துப் பார்த்தார். வெள்ளையோடு அந்த மெல்லிய உள்கோடும் சேர்ந்து வந்தது. துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க தூங்கிட்டீங்கல்லப்பா, அதான் நானே முடிச்சேன்" என்றேன்.

"சரி ஆத்தா" என்றார். பிறகு, "இனி மிச்சத்தையும் ரொப்பிர வேண்டியதுதான்" என்று பிரஷ்ஷை எடுத்தார். தண்ணீரோடு வந்த அம்மா, குடத்தை இறக்காமலே வாசலில் நின்று பார்த்தாள்.

மறுநாள் போர்டை ஏற்றிக் கட்டியதும் கடைக்காரர் ரோட்டைத் தாண்டிப் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். "பஸ்ஸுல வர்றவனுக்குக்கூட பளிச்சுனு தெரியும்ணே. இதான் போர்டு" என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். நான் செய்த வேலை என்று சொல்லட்டும் என அவர் கையைப் பிடித்து இழுத்தேன். சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதற்குப் பிறகு அப்பா எழுதிய போர்டுகளில் ஒரு எழுத்தும் காலியாக இல்லை. எல்லாம் நிரப்பியவை, சீக்கிரம் முடிந்தவை. அவருக்கு அந்த வழியைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று வெகுநாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.