கண்ணாடியில் கட்டிய கொடியை அவிழ்த்தவர்

எங்கள் அன்பு அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற உறவினர்களும் நண்பர்களும் அப்பாவின் வண்டியில் ஒருமுறையாவது ஏறியிருப்பீர்கள். ஏறியவர்களில் பாதிப் பேர், ‘இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகக் கூடாதா’ என்று மனதுக்குள் முனகியவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவருடைய மூத்த மகளாகிய நானும் முனகியவள்தான். இந்தக் கட்டுரையும் மெதுவாகவே போகும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அப்பா பிறந்தது திருப்புறத்தில். அவருடைய தகப்பனார் பனை ஏறிப் பிழைத்தவர். பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து அவர் படுத்த பிறகு, அப்பாவின் பள்ளிப் படிப்பு நின்றது. நெய்யாற்றின்கரையில் ஒரு லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கீழே இறங்கிப் பின்பக்கம் நின்று, பலகையில் தட்டித் தட்டி வழி சொல்வதுதான் கிளீனரின் வேலை. ஓட்டுகிறவரின் கண்ணாடியில் தான் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்ற பயம் அந்த நாட்களில் அப்பாவின் உடம்பில் ஏறியது. பிறகு ஓட்டுநர் உரிமம் எடுத்து, பாறசாலையிலிருந்து குன்னத்துகால் வழியாகப் போகும் ஒரு தனியார் பேருந்தில் ஓட்டுநரானார். ஓட்டுநரான பிறகும் அந்தப் பயத்தை அவர் விடவில்லை. வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்துவிட்டுத்தான் இருக்கையில் ஏறுவார். சந்தை நாட்களில் பேருந்தின் நிழலில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது வழக்கம். பயணிகள் கேலி செய்வார்கள். அப்பா சிரித்துக்கொண்டே சுற்றுவார்.

குன்னத்துகாலில்தான் அம்மாவின் வீடு. அம்மாவின் தகப்பனாராகிய எங்கள் தாத்தா ஊரில் மதிப்புள்ளவர், சபையில் மூப்பர். நல்ல வேலையில் இருக்கும் பையன், குடிப்பழக்கம் இல்லை, சங்கீதம் பாடத் தெரியும் என்று பார்த்து அப்பாவுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்தார். நிச்சயமும் முடிந்தது. அது எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம். தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. குன்னத்துகாலில் அதற்கெல்லாம் முன்னால் நின்றவர் தாத்தா. அப்பாவும் அந்தக் கட்சிதான். நெய்யாற்றின்கரையும் சேர வேண்டும் என்பதில் அப்பாவுக்கு இரண்டு மனம் இருந்ததே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பெரிய கூட்டத்துக்கு ஆள் கொண்டுபோக அப்பா ஓட்டிய பேருந்தையே தாத்தா வாடகைக்குப் பேசினார். வருங்கால மருமகன் ஓட்ட, தாத்தா முன்னிருக்கையில் அமர்ந்து போவதாக ஏற்பாடு. காலையில் சந்திப்பில் பேருந்து நின்றபோது உள்ளே நிற்க இடமில்லை. படியில் தொங்கினார்கள், பின் ஏணியில் நின்றார்கள், கூரை மேலும் ஏறி அமர்ந்தார்கள். மூங்கில் கம்பில் கோத்த பெரிய கொடியை வலப்பக்கக் கண்ணாடியின் கம்பியில் வைத்து இறுகக் கட்டியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கண்ணாடி முழுவதும் கொடிக்குள் போய்விட்டது.

அப்பா வழக்கம்போலச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு யாரிடமும் கேட்காமல் கண்ணாடிக் கம்பியிலிருந்த கட்டை அவிழ்த்து, கொடியை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டார். அங்கேதான் பிசகியது. வேறு ஊரில், வேறு காலத்தில் அதை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். எங்கள் எல்லையில் அந்த நாளில் கொடியைத் தொட்டு அவிழ்ப்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. கூட்டம் கூச்சலிட்டது. தாத்தா முன்னிருக்கையிலிருந்து இறங்கி வந்தார்.

“எலே, நீ யாருக்க ஆளு?” என்று கேட்டார்.

“மாமா, கொடி நம்மளுக்க கொடியாக்கும். கண்ணாடியில கெட்டினா பின்னால வாறது எனக்குத் தெரியாது. இத முன்னால கெட்டுவோம். மேல இருக்க ஆளுகளையும் எறக்குங்க. ரெண்டு நடையா கொண்டு விடுகேன்.”

கூரை மேல் இருந்தவர்கள் இறங்கவில்லை. ஊர் முன்னால் மருமகன் சொல் கேட்டு ஆளை இறக்கத் தாத்தாவின் கௌரவமும் இடம் கொடுக்கவில்லை. அப்பா சாவியைத் தாத்தாவின் கையில் வைத்துவிட்டு, “அப்போ எனக்கு ஓட்ட ஒக்காது மாமா” என்று மட்டும் சொன்னாராம். யாரோ துரோகி என்றார்கள். காசு வாங்கிவிட்டான் என்றார்கள். கொடியைப் பிடுங்கி மறுபடியும் அதே இடத்தில் கட்டினார்கள்.

இனி ஓட்ட ஆள் வேண்டுமே. சந்திப்பில் வாழைக்குலை ஏற்ற லாரியோடு நின்றவர் வாசு அண்ணன். அவர் வீட்டில் பேசுவது மலையாளம். போராட்டம் எந்தப் பக்கம் என்றுகூட அவருக்கு அக்கறை இல்லை. குலையும் பாரம்தான், கொடியும் பாரம்தான் என்று சிரித்துக்கொண்டு அவர் ஏறி உட்கார்ந்தார். ஆக, தமிழ்க் கொடியோடு போன வண்டியை ஓட்டியவர் மலையாளி. துரோகி என்று பெயர் வாங்கிக் கீழே நின்றவர் தமிழர். எங்கள் ஊர் அரசியலை விளக்கச் சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

வண்டி கிளம்பும் முன் அப்பா ஓட்டுநர் சன்னலுக்குப் போய், பிரேக் கொஞ்சம் தாமதித்துத்தான் பிடிக்கும், இறக்கத்து வளைவில் ஒரு அயனிமரக் கிளை தாழ்ந்து நிற்கிறது என்று வாசு அண்ணனிடம் சொன்னார். அவர் தலையாட்டினார். பேருந்து போயிற்று.

ஒன்றும் நடக்கவில்லை. பொழுது சாயும்போது பேருந்து பத்திரமாகத் திரும்பி வந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்பாவின் வாழ்க்கையில் பெரிய கஷ்டம் அதிலிருந்துதான் தொடங்கியது. ஏதாவது ஆகியிருந்தால் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்திருக்கும். ஒன்றும் ஆகாததால் அவர் பயந்தாங்கொள்ளியும் ஆனார், துரோகியும் ஆனார். நம் ஆட்கள் அவர் ஓட்டும் வண்டியில் ஏறாமல் அடுத்த வண்டிக்குக் காத்து நின்றார்கள். கோயிலில் அவர் அமரும் பெஞ்சில் பக்கத்தில் யாரும் அமரவில்லை. தாத்தா நிச்சயத்தை முறித்தார். அம்மாவுக்கு வேறு இடம் பார்க்கத் தொடங்கினார்.

இதற்கு மேல் நடந்ததை அம்மா சென்ற ஆண்டுதான், அடக்க ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, எங்களிடம் சொன்னார்.

அம்மாவின் வீட்டுக் கிணற்றடியிலிருந்து பார்த்தால் சந்திப்பு தெரியும். அன்று பேருந்து போன பிறகும் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. சந்திப்பை ஒட்டிய ஓடைப் பாலத்தின் சுவரில் பகல் முழுவதும் அமர்ந்திருந்தார். சாப்பிடவில்லை. அம்மா தண்ணீர் கோரும் சாக்கில் வந்து வந்து பார்த்திருக்கிறார். மாலையில் பேருந்தின் சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து நின்றார். கூரை மேல் போனவர்கள் ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்தார். இறங்கியவர்கள் அவரைப் பார்த்துக் கையைத் தட்டி, ‘இதோ செத்தா போயிட்டோம்’ என்று நையாண்டி செய்தார்கள். கடைசி ஆள் இறங்கியதும் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி, பாறசாலை பார்த்து நடந்து போனாராம்.

வேறு மாப்பிள்ளை வந்து பார்த்துப் போன அன்று அம்மா தாத்தாவிடம் வாய் திறந்தார். அந்த வீட்டில் பெண்கள் தாத்தாவிடம் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

“அப்பா, தோத்துப் போன ஆளு சந்தோசப்பட்டு நான் வேற கண்டதில்ல. நீங்க உயிரோட வந்து எறங்கினதுக்காக்கும் அவரு சிரிச்சாரு. எனக்கு அந்த ஆளு போதும்.”

தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பல நாள் அம்மாவோடு பேசவும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனவர், நேராக நடந்து அப்பாவின் பெஞ்சில், அப்பாவின் பக்கத்தில் அமர்ந்தார். கலியாணம் நடந்தது. அன்றைக்குத் தான் செய்தது தப்பு என்று தாத்தா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. எப்படி ஒத்துக்கொள்வார்? ஒன்றும்தான் நடக்கவில்லையே. ஆனால் வயதான காலத்தில் அப்பா ஓட்டாத எந்தக் காரிலும் அவர் ஏறியதில்லை. ஏறி அமர்ந்துகொண்டு, இதற்கு நடந்தே போயிருக்கலாம் என்று வழி முழுவதும் திட்டுவார்.

போராட்டம் முடிந்து எல்லைக் கோடு போட்டபோது நாங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம், மலையாள நாட்டிலேயே நின்றோம். அப்பாவுக்கு அது ஆறாத வருத்தம். வருத்தத்தோடேயே வண்டி ஓட்டினார். பேருந்து வேலையை விட்ட பிறகு பாறசாலையில் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். தமிழில் கேட்டவர்களுக்குத் தமிழிலும், மலையாளத்தில் கேட்டவர்களுக்கு மலையாளத்திலும் சொல்லிக் கொடுத்தார். அங்கே படித்தவர்களுக்குத் தெரியும், முதல் நாள் வண்டி நகராது. நம்மை இருக்கையில் அமர வைத்துவிட்டு அப்பா காரைச் சுற்றி ஒவ்வொரு இடமாகப் போய் நிற்பார். “என்னைக் காணுகா?” என்று கேட்பார். காணவில்லை என்று நாம் சொல்லும் இடத்தில் சற்று நேரம் அப்படியே நிற்பார். அடுத்து அவர் உள்ளே அமர்ந்து நம்மை அந்த இடங்களில் நிற்க வைப்பார். அங்கே நிற்கும்போதுதான் ஓட்டுகிறவருக்கு நாம் தெரியவில்லை என்பது நமக்குப் புரியும்.

வேகமாக ஓட்டுகிறவர்களை அவர் சத்தம் போட்டதில்லை. சாவியை வாங்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். மணமக்கள் காரின் முன்கண்ணாடியில் பூத்தோரணம் கட்டியிருந்தால் தாமே போய் ஒதுக்கிவிடுவார். பார்க்காமல் காரைப் பின்னால் எடுத்த எங்கள் போதகரையும் விட்டுவைக்கவில்லை. இதனால் பல கலியாணங்களில் முகச்சுளிப்பு வாங்கினோம். பல விருந்துகளுக்குப் பந்தி முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தோம். அப்பா மேல் எங்களுக்கு எரிச்சலும் வந்ததுண்டு. இன்று அந்த எரிச்சலுக்கும் ஏங்குகிறேன்.

கண் மங்கத் தொடங்கியதை முதலில் அறிந்தவரும் அவரே. நாங்கள் யாரும் சொல்லும் முன் ஒரு நாள் காலை சாவியை என் கையில் தந்து, “இனி நீ ஓட்டு மக்கா. எனக்கு சைக்கிள்காரன் தெரியல்ல” என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் சாவியைக் கேட்கவில்லை. கடைசியாக நெய்யாற்றின்கரை மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுபோனதும் நான்தான். மூச்சு முட்டியது அவருக்கு, பதறியது எனக்கு. பின்னிருக்கையில் அம்மாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தவர், “பைய போ மக்கா, ரோட்டில ஆளு உண்டு” என்றார். நான் கேட்ட அவருடைய கடைசிச் சொற்கள் அவை. பையவே போனேன். சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம் என்றும், இன்னும் முன்னால் வந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்றும் மருத்துவர் சொன்னார். அவர் சொன்னதை நம்பித்தான் இந்த ஓராண்டைக் கடந்திருக்கிறேன்.

அப்பாவை அன்போடு கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவு பகலாக எங்களோடு நின்ற அண்டை வீட்டாருக்கும், சபையாருக்கும், பாடகர் குழுவினருக்கும், பூவாரிலிருந்தும் குன்னத்துகாலிலிருந்தும் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும், பயிற்சிப் பள்ளியின் பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்லாமல் முடித்தால் அப்பா என்னை மன்னிக்க மாட்டார். வாசு அண்ணன் இறந்து பல காலம் ஆகிறது. அவருடைய பிள்ளைகள் இந்த மலரைப் படிப்பார்கள், அவர்களிடம் சொல்கிறேன். பிரேக்கைப் பற்றியும் மரக்கிளையைப் பற்றியும் அப்பா சொன்னதை உங்கள் தகப்பனார் காதில் வாங்கினாரோ இல்லையோ, எங்களுக்குத் தெரியாது. ஆனால் அன்று அந்தப் பேருந்தில் ஏற்றிப்போன அத்தனை பேரையும், எங்கள் தாத்தாவையும் சேர்த்து, உயிரோடு கொண்டுவந்து இறக்கினார். எங்கள் அப்பா தப்பாகக் கணக்குப் போட்டவர் என்றே ஊர் நினைக்கட்டும். அப்படி நினைக்கும்படி பத்திரமாக ஓட்டி வந்த உங்கள் தகப்பனாருக்கு எங்கள் அப்பாவின் சார்பில் நன்றி.