பெட்டிக்கு முன்னால் நின்றேன்

இன்று காலை எதிர்வீட்டுக்காரர், பூச்சிமருந்து அடிக்கும் ஆளோடு எங்கள் கொல்லைக்கே வந்துவிட்டார்.

முருங்கைக்கும் பப்பாளிக்கும் நடுவில் நான் வைத்திருக்கும் தேனீப் பெட்டியைக் காட்டி, "இதுல நல்லா அடிப்பா" என்றார்.

நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். "மொதல்ல எம்மேல அடிங்க."

"இன்னாம்மா இது, போளூர் டவுன்ல தேனீயா? கொட்டிச்சின்னா?" என்றார் அவர்.

"ஆறு மாசமா உங்கள கொட்டிச்சா? போன வாரம் வாங்கிட்டுப் போனீங்களே பூசணி, இதுங்க பூவுல ஒக்காரலன்னா அது ஏது?"

மருந்துக்காரர் குழாயைக் கீழே வைத்தார். "அந்தம்மா நவுந்தாதான் அடிப்பேன் சார்."

நான் நகரவில்லை.

புகார் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்காரர் கிளம்பினார். "தாராளமா குடுங்க. எம்பேர மட்டும் தப்பில்லாம எழுதுங்க" என்றேன்.

மதியமே, ஜவ்வாது மலையில் எனக்குத் தேனீப் பெட்டி கொடுத்தவரிடம் இன்னொரு பெட்டிக்குச் சொல்லிவிட்டேன்.

அதைக் கொய்யாவடியில் வைக்கவா, வாசலில் எதிர்வீட்டைப் பார்த்த மதிலோரம் வைக்கவா? நீங்களே சொல்லுங்கள்.