காதுக்காரர் கம்ப்யூட்டரைப் புதுப்பித்த கதை

ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் டாக்டர்கள் தங்கள் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்வார்கள். சிலர் நடந்துகொண்டே பேசுவார்கள். சிலர் எதையாவது மென்றுகொண்டே பேசுவார்கள். எலும்பு டாக்டர் ஒருவர், யாரோ பின்னால் துரத்துவதுபோலப் பேசுவார். அவர் சொன்னது ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று அவருக்கே சந்தேகம் வந்தால், “காதுக்காரர்கிட்ட அனுப்புங்க, அவர் சொல்லிடுவார்” என்பார். பதிவுகள் காதுக்காரரின் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரும். அவர் கேட்டு, தட்டச்சு செய்து, சாயங்காலத்துக்குள் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் அவருடைய பார்வையைக் கொண்டுபோய்விட்டது. இப்போது ஐம்பத்து நான்கு. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றை வைத்துத்தான் அவர் வேலை செய்தார். அதில் பேசுவது ஒரு கரகரத்த ஆண் குரல். ஜலதோஷம் பிடித்த இயந்திரம் மாதிரி. அதை அவர் வைத்திருந்த வேகத்தில் வேறு யாருக்கும் ஒரு சொல்கூடப் பிடிபடாது. சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு அது வாணலியில் கடுகு வெடிக்கிற சத்தமாகத்தான் கேட்டது.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குப் பிறகு, பழைய சிஸ்டத்தில் ஓடும் கம்ப்யூட்டர்களில் அவர்களுடைய பக்கம் திறக்காதாம். பழுது பார்க்கும் கடைக்காரரை வரச் சொன்னார். அவர் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, இது தேறாது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார். ஏன் தேறாது என்று காதுக்காரர் கேட்டார்.

“பழசு சார்.”

“பழசுதான், தெரியுது. அதுல என்ன குறையுது?”

கடைக்காரர் பெட்டியை மறுபடி ஒரு தட்டுத் தட்டினார். பழசு என்பதை ஒரு காரணமாக ஒப்புக்கொள்ளக் காதுக்காரருக்கு மனம் வரவில்லை. புதிய சிஸ்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து கரகரப்புக் குரலை விட்டுப் படிக்கச் சொன்னார். தன் கம்ப்யூட்டரில் இருப்பதோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். எல்லாம் போதுமானதாக இருந்தது. மெமரி மட்டும் பாதிதான் இருந்தது. இன்னொரு மெமரி துண்டு போட்டால் தீர்ந்தது.

கடைக்காரர் துண்டைக் கொண்டுவந்து, தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார் காதுக்காரர். வீம்பு ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடமாக அந்தப் பெட்டி அவர் காலடியில் இருந்தது. அதன் இருமலும் முனகலும் அவருக்கு அத்துப்படி. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள இது நல்ல சந்தர்ப்பம்.

மனைவிக்கு விடுமுறை நாளாகப் பார்த்து வேலையைத் தொடங்கினார். முதலில் கோப்புகளையும் கடிதங்களையும் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டார். வயர்களைப் பிடுங்கி, பெட்டியை மேஜைமேல் படுக்கவைத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டார். பக்கத்து மூடி கையோடு வந்தது. உள்ளே தூசி, பழைய போர்வை மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. மனைவி வரிசையாக ஐந்து தும்மல் போட்டாள்.

அவர் பெட்டியின் தகரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு விரல்களை உள்ளே விட்டார். சீப்புப் பல் மாதிரி உலோகத் தகடுகள். அதன்மேல் ஒரு காற்றாடி. வெயில் காலத்தில் ஊளையிடுவது இதுதான். கீழே கனமான, வழவழப்பான சதுரம், ஹார்ட் டிஸ்க். அது ஓடும்போது அரிசி களைகிற மாதிரி ஒரு சத்தம் வரும். சத்தங்களுக்கெல்லாம் இப்போது உருவம் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு மனைவியிடம் சொன்னார். அவளும் முதலில் நின்றபடி பார்த்தவள், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பழைய மெமரி துண்டுக்குப் பக்கத்தில் காலியாக ஒரு பள்ளம் இருந்தது. புதுத் துண்டின் அடிவிளிம்பில் ஒரு வெட்டு. நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி இருந்தது. பள்ளத்திலும் அதே இடத்தில் ஒரு மேடு. திருப்பிப் போட்டால் இறங்காது.

“பாக்காம மாட்டறவங்களுக்குன்னே செஞ்சிருக்கான் பாரு” என்றார்.

மாட்டி, வயர்களைச் செருகி, பொத்தானை அமுக்கினார். பீப், பீப், பீப் என்று நீளமாக மூன்று முறை கத்திவிட்டுக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. திரை கறுப்பாகவே இருக்கிறது என்று மனைவி சொன்னாள். போச்சு போ என்றும் சொன்னாள். அவருக்குப் பதற்றம் வரவில்லை. இத்தனை நாளும் ஒரே ஒரு பீப்தான் கேட்டிருந்தார். இப்போது மூன்று என்றால் இது என்னவோ சொல்ல வருகிறது. புதிதாக மாட்டியது ஒன்றைத்தானே, குறையும் அங்கேதான் இருக்க வேண்டும். வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி விரலை விட்டார். துண்டின் ஒரு முனை நன்றாக உட்கார்ந்திருந்தது. மறுமுனையின் கொக்கி பாதி திறந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். டக்கென்று விழுந்தது. இந்த முறை ஒற்றை பீப்.

அடுத்தது சிஸ்டம். பழையதன் மேலேயே புதியதை ஏற்றும் வழியைத் தேர்ந்தெடுத்து, தொடங்கச் சொன்னார். கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தது. கரகரப்புக் குரல் எழவில்லை. இனி வேலை முடியும்வரை அதற்கு வாய் கிடையாது. மனைவிதான் படித்துச் சொல்ல வேண்டும். அவளோ எதையும் முழுசாகப் படிக்கிறவள் இல்லை.

“என்ன போட்டிருக்கு?”

“ஏதோ பொறுமையா இருங்கங்குது.”

“எழுத்தெழுத்தா படிம்மா.”

“அதான் சொல்றேன்ல. முப்பத்தேழு சதவீதம். பொறுமையா இரு. அவ்ளோதான்.”

அந்த முப்பத்தேழு, முக்கால் மணி நேரம் நகரவில்லை. அவள் துணி மடித்துவிட்டு வந்து பார்த்தாள், முப்பத்தேழு. பால் காய்ச்சிவிட்டு வந்து பார்த்தாள், அதே முப்பத்தேழு. மாட்டிக்கொண்டுவிட்டது, அணைத்துவிட்டு மறுபடி போடலாம் என்று கையை நீட்டினாள். காதுக்காரர் அவள் கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தார்.

“கொஞ்சம் கவனி.”

உள்ளங்கைக்கு அடியில் மெல்லிய அதிர்வு இருந்தது. அரிசி களையும் சத்தமும் விட்டு விட்டுக் கேட்டது. உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது, எண்தான் பின்தங்கியிருந்தது. இருவரும் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எண் ஒரே தாவாக ஐம்பத்தொன்றுக்குப் போயிற்று.

மத்தியானம் திரையில் கேள்விகள் வந்தன. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று இதற்குத் தெரிய வேண்டுமாம் என்றாள் மனைவி. வீட்டில்தான் என்று சொல்லச் சொன்னார் அவர். அதற்கு இடமில்லை, ஆமாம் இல்லை இரண்டுதான் இருக்கிறது என்றாள். எல்லாவற்றுக்கும் இல்லை போட்டார்கள்.

புதிய சிஸ்டத்துக்கென்று சொந்தமாக ஒரு பெண் குரல் இருந்தது. மரியாதையாக, நிறுத்தி நிதானமாகப் பேசியது. அந்த வேகத்தில் போனால் ஒரு நோயாளியின் குறிப்பை முடிப்பதற்குள் அவர் குணமாகி வீட்டுக்கே போய்விடுவார். காதுக்காரர் தன் பழைய மென்பொருளின் புதிய பதிப்பை இறக்கி, கரகரப்புக் குரலையே அதில் மறுபடி அமர்த்திக்கொண்டார். பதிவை ஓட்டவும் நிறுத்தவும் காலால் மிதிக்கும் மிதிகட்டை கொஞ்சம் முரண்டு பிடித்தது. வயரை வேறு துளையில் செருகியதும் வழிக்கு வந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிப் பக்கம் திறந்தது. எலும்பு டாக்டர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அண்ணனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அண்ணன் கடல் தாண்டி வேறு ஊரில் இருந்தார். வாரம் ஒரு கடிதம் போடுவார். நாலைந்து வரிதான் இருக்கும். கரகரப்புக் குரல் படித்தது: “நலம். முட்டி வலி போகவில்லை. டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார். கண்ணை உருட்டும் முகம்.”

காதுக்காரர் மறுபடி ஓட்டினார். கண்ணை உருட்டும் முகம் என்றேதான் சொன்னது. அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டுத் திரையில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

“மஞ்சளா ஒரு மூஞ்சி. கண்ணை மேல தூக்கி வச்சிருக்கு. சலிச்சுக்கறப்போ போடறது.”

“அண்ணன் போட்டதா?”

“எல்லாரும் போடுவாங்க. என் ஃபோன்ல தினம் நூறு வருது. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

அவரிடம் இருந்தது பொத்தான் ஃபோன். பழைய மென்பொருளோ எழுத்தை மட்டும் படித்துவிட்டுப் படத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறது. புதிய பதிப்புக்குப் படங்களுக்கும் பெயர் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவர் அண்ணனின் பழைய கடிதங்களைத் திறந்தார். நான்கு வருடத்துக்கு முந்தையவற்றில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வந்தவற்றில் முகங்களாகக் கொட்டிக் கிடந்தன. ‘உன் அண்ணிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பயத்தில் அலறும் முகம்.’ ‘பேரன் என் கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டான். கண்ணீர் வரச் சிரிக்கும் முகம்.’ கரகரப்புக் குரல் சிரிப்பையும் அலறலையும் ஒரே மாதிரி, ஜலதோஷத்தோடு வாசித்துக்கொண்டே போனது. சின்ன வயதில் அண்ணன் இருக்கும் இடம் சிரிப்பாக இருக்கும். வயதாக ஆக மனுஷர் வறண்டுவிட்டார் என்று காதுக்காரர் நினைத்திருந்தார். தானும் அதே அளவுக்கு வறட்சியாகப் பதில் எழுதிவந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் ஆட்களைக் குறைத்தார்கள். தன் வேலையும் போய்விடும் போலிருக்கிறது என்று பயந்து அண்ணனுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார். வந்த பதிலில் இரண்டே வாக்கியம் இருந்தது. வேலை போகவில்லை, அந்தப் பதில்தான் மனதில் முள்ளாக நின்றுவிட்டது. அதைத் தேடித் திறந்தார்.

“சரி. பார்த்துக்கொள்ளலாம். கட்டியணைக்கும் முகம். கட்டியணைக்கும் முகம். கட்டியணைக்கும் முகம்.”

ஹெட்போனைக் கழற்றிவைத்தார். பிறகு அண்ணனை ஃபோனில் கூப்பிட்டார்.

விஷயத்தைச் சொன்னார்.

“நாலு வருஷமாடா? எனக்குத் தோணவே இல்லையே” என்றார் அண்ணன்.

“எனக்கும்தான் தெரியல. நீ சுருக்கமா எழுதறேன்னு நெனச்சேன்.”

“நீதான் சுருக்கமா எழுதறேன்னு நான் நெனச்சேன். கோவமோன்னுகூட இருந்தேன்.”

அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. காதுக்காரருக்குக் கேட்க வேறு நிறைய இருந்தது. அந்த மஞ்சள், எலுமிச்சை மஞ்சளா, சூரியகாந்தி மஞ்சளா? மஞ்சள் அவருக்கு ஞாபகம் இருந்தது. முகத்துக்கு மூக்கு உண்டா? இல்லை என்றதும் ஆச்சரியப்பட்டார். கட்டியணைக்கிற முகத்துக்குக் கை எங்கிருந்து வரும்? அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னார். வெறும் தலைதான், ஆனால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கை மட்டும் தனியாக இருக்கிறது என்றார். அதுவரை தானும் அதைக் கவனித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள்.

இப்போது காதுக்காரரும் முகங்கள் அனுப்புகிறார். பட்டியலில் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். கை கொஞ்சம் அவசரப்பட்டால் வேறொன்று விழுந்துவிடும். முதல் முறையே முட்டி வலி விசாரித்த கடிதத்தில் ஒரு நண்டு போய்விட்டது. அண்ணன் பதிலுக்கு மூன்று நண்டு அனுப்பினார்.

“நண்டை மேலருந்து பாத்த மாதிரி போட்டிருக்கா, முன்னாடியிருந்தா?” என்று மனைவியிடம் கேட்டார்.

அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். “முன்னாடியிருந்துதான். ரெண்டு கொடுக்கையும் தூக்கிக்கிட்டு நிக்குது.”

“கண்ணு இருக்கா?”

“இருக்கு. ரெண்டு. குச்சி மேல வச்ச மாதிரி” என்றாள்.